நாற்பது பேருக்கு ஒரே கருப்பையன்

"யாரும்மா இந்தக் கருப்பையன்? என் வீட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் இருக்காரு" என்று குடும்ப அட்டையைப் பாரதியின் மேசைமீது வைத்தாள் நீலாயதாட்சி.

பாரதி எடுத்துப் பார்த்தாள். கணவர் பெயர்: கருப்பையன். அடுத்த அட்டையிலும் கருப்பையன். பட்டினச்சேரியில் நாற்பது பெண்களுக்கும் அவனே புருஷன்.

நீலாயதாட்சி குரலைத் தாழ்த்தினாள். "அந்தாளு கடலுக்குப் போயி ஆறு வருசமாச்சு. இன்னும் கரையேறல. அவன் பேரைப் போயி எங்க தலையில எழுதலாமா?"

மீனவர் சங்க அலுவலகத்தில் பாரதி சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அட்டைப் பதிவுக்கான வலைப்பக்கத்தை எழுதியவள் அவளே.

மேலாளர் சூசைராஜ் எட்டிப் பார்த்தார். "பட்டியல் நாளைக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகணும். இப்படியே போனா, திங்கக்கிழமை நீ வர வேண்டாம்மா."

"சரி பண்ணிடறேன் சார். அக்கா, உங்க வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க."

"என் வாயால எப்படிச் சொல்லுவேன்? அதான் அன்னிக்கே வெறுமனே விடச் சொன்னேன்."

எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டத்தை ஆண்கள் வந்து பேனாவால் நிரப்புவதாக ஏற்பாடு.

பாரதி பெயரை அழித்துச் சேமித்தாள். திறந்தால், கருப்பையன் அங்கேயே இருந்தான். வேறு பெயர் ஒட்டுகிறதா என்று பார்க்க, கைக்கு வந்த பெயரை அடித்தாள்: சூசைராஜ். ஒட்டியது. அதை அழித்தாள், போகவில்லை. கட்டத்தை வெறுமையாக்கி அடுத்தடுத்துச் சேமித்த ஏழு பெண்களுக்கும் சூசைராஜே புருஷனானார்.

"என் வீட்டுக்காரி சலோமி பார்த்தா வீட்டுல சோறு கிடைக்காதும்மா" என்றார் மேலாளர், சிரிக்காமல்.

பதறிப்போய் முதல் அட்டையிலிருந்து எல்லாவற்றையும், முதலில் பதிந்தபடியே, மறுபடி சேமித்தாள். கருப்பையன் நாற்பது பேரிடமும் திரும்பி வந்தான். சோதனைக்காகத் தன் பெயரைப் பதிந்து, கணவர் கட்டத்தைத் தொடாமல் விட்டாள்.

பாரதி. கணவர்: கருப்பையன்.

 கூடப் படித்த கவியரசனுக்கு போன் செய்தாள்.

"கல்யாணத்துக்குக் கூப்பிடவே இல்லையே" என்றான் அவன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"விளையாடாதே, கவி. பயமா இருக்கு."

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. ஃபாரத்துல எழுதினதை வாங்கி வச்சுக்குதே, உன் புரோகிராம்ல 'பீன்'னு ஒரு டப்பா, அதோட குணம் அது. வெறும் கட்டத்தைக் கண்டுக்காது. பழசு அப்படியே தங்கிடும். நீ ஊருக்கே ஒரே பீனை வச்சிருக்கே. ஒவ்வொரு ஃபாரத்துக்கும் புதுசா ஒண்ணு வை. யாரோ ஒருத்தி அந்தப் பேரைச் சொல்லியிருக்கா, அதுதான் எல்லார் மேலயும் ஒட்டிக்கிச்சு."

பாரதிக்கு உயிர் வந்தது. நாலு மணிக்குள் மாற்றி எழுதி, ஒவ்வொருத்தியும் முதலில் சொன்னபடியே எல்லாவற்றையும் சேமித்தாள். கட்டங்கள் காலியாயின. முதல் அட்டையில் மட்டும் கருப்பையன் இருந்தான். அது அவன் மனைவி காசியம்மாவின் அட்டை. இனி வேலை போகாது.

அட்டை வாங்க வந்த குஞ்சம்மாவிடம் வாய்விட்டே சொன்னாள்: "உங்க ஊருல தைரியசாலின்னா காசியம்மாதான், பெரியம்மா. முதல் நாள் கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே, ஈரப் புடவையோட வந்து, புருஷன் பேரைப் பட்டுன்னு சொன்னாங்க."

குஞ்சம்மா நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"காசியம்மாவா? போன வருசம் சாகுற வரைக்கும் அவ ஒருநாளும் புருசன் பேரைச் சொன்னதில்லையே."