நானே கைதூக்கிப் பூட்டிய வலை

படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பேங்கிலோ ரேஷன் கடையிலோ, முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் நிறுத்தி, "படிச்சியா?" என்று கேட்டுவிடுவேன். நல்ல பழக்கம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். என் அண்ணி பக்கத்தில் இருந்தால் அப்படி நினைக்க விடமாட்டார். "யாரு சொல்றதுன்னு ஒரு இது வேணாமா?" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்லிவிடுவார். அவர் சொல்லும் கதையில் நான் இன்னும் கேவலமாக இருப்பேன். ஆகவே நானே முந்திக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு குப்பம். அண்ணன் செல்வம் ஏரியில் இறால் பிடிக்கிறவன். நான் டிப்ளமா முடித்துவிட்டு, தினமும் பொன்னேரியில் ரயில் ஏறிச் சென்னையில் ஒரு குடோனில் பில் போடப் போய்க்கொண்டிருந்தேன். (ஊரில் "ஆபீசு" என்று சொல்லிவைத்திருந்தேன். குடோனில் மின்விசிறி இருந்ததால் அது பெரிய பொய் இல்லை.)

ஏரியில் இறால் நன்றாக ஓடும் இடங்கள் சிலதான். அங்கே நினைத்தவர் நினைத்தபோது வலை போட முடியாது. பாடு என்று முறை உண்டு. ஊர்க் கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி, எந்த இடம் எந்த நாள் எந்த வீட்டுக்கு என்று பட்டியல் எழுதி வாசிப்பார்கள். உங்கள் நாளில் உங்கள் வலை இறங்காவிட்டால் முறை போனது போனதுதான். சுற்று முழுக்க முடிந்து மறுபடி வரும்வரை அடுத்தவர் கூடையை வேடிக்கை பார்க்கலாம். அந்த வருஷம் மழை விட்டதும் வருகிற முதல் சுற்றில், முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் எங்கள் வீட்டுக்கு விழுந்தது. எத்தனையோ வருஷம் கழித்து விழுந்த இடம். அண்ணி சந்தோஷத்தில் பாயசம் வைத்தார்.

ஒரே ஒரு குறை, எங்கள் வலை. நண்டு கடித்துக் கடித்து அதில் வலையைவிட ஓட்டை அதிகம். புது வலைக்கான பணத்தை அண்ணன் என் அக்கவுண்டில் போட்டான். தினமும் பட்டணம் போகிறவன், படித்தவன், ஏமாறமாட்டான் என்று நம்பிக்கை.

"டேய், பாடு வர நாப்பது நாளு கீது. அவசரப்படாத. நல்ல வலையா பாத்து வாங்கு. கோத்துக் கட்ட ஒரு வாரம் போதும்," என்றான்.

அவசரப்படாதே என்று சொன்னானா, நானும் அவசரப்படவில்லை. மறுநாள் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு கண்ணாடிக்காரர் கிரிப்டோ பற்றிப் பேசினார். ஒரு காசு இருக்கிறதாம் (பெயரைச் சொன்னால் இன்றும் வயிறு எரிகிறது, அந்தக் காசு என்றே வைத்துக்கொள்வோம்). அதை வாங்கிச் சும்மா வைத்திருக்கக் கூடாதாம். முப்பது நாளுக்குப் பூட்டிவைத்தால் வட்டி உண்டு. அதோடு, பூட்டியவர்களெல்லாம் நிர்வாகத்தில் பங்காளிகள். எந்தத் தீர்மானம் வந்தாலும் அவர்களுக்கு ஓட்டு உண்டு. பொன்னேரியில் வீடியோ தொடங்கியது. அடுத்த ஸ்டேஷன் அனுப்பம்பட்டு. அங்கே ரயில் நிற்பதற்குள் நான் மனத்தளவில் முதலீட்டாளன் ஆகிவிட்டேன்.

கணக்கு சுலபமாக இருந்தது. நாற்பதில் முப்பது போனால் பத்து. வலையையும் வாங்கலாம், வட்டியில் அண்ணிக்கு ஒரு புடவையும் வாங்கலாம். இரண்டே நாளில் வலைப் பணம் முழுவதும் அந்தக் காசாக மாறிப் பூட்டுக்குள் போனது.

வட்டியைவிட எனக்கு மயக்கம் தந்தது அந்த ஓட்டுதான். எங்கள் ஊர்க் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஆள்தான் கை தூக்கலாம். எங்கள் வீட்டில் அது அண்ணன். நான் பின்னால் நின்று கொசு அடிப்பவன். இங்கேயோ உலகம் முழுக்க இருக்கும் பங்காளிகள் நடுவில் என் ஒரு கை! ஓட்டு பலம் என்று அதில் ஓர் எண் காட்டியது. பூஜ்ஜியம், புள்ளி, அதற்குப் பிறகும் நிறையப் பூஜ்ஜியம், கடைசியில் ஒரு நாலு. அந்த நாலு நான்தான்.

எங்கள் கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சண்டை எல்லாம் முந்தின நாளே டீக்கடையில் முடிந்துவிடும். கூட்டத்தில் தலைவர் வாசித்து "சம்மதமா?" என்றால் எல்லோரும் கை தூக்குவதுதான் மரியாதை. எதிர்ப்பவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். நான் பிறந்ததிலிருந்து ஒருவரும் எழுந்ததில்லை. அந்த மரியாதையை நான் இங்கேயும் கடைப்பிடித்தேன். சின்னத்தின் நிறத்தை மாற்றலாமா? சம்மதம். யாரோ ஒரு குழுவுக்குச் சம்பளம் உயர்த்தலாமா? பாவம், சம்மதம்.

மூன்றாவது வாரம் ஒரு பெரிய தீர்மானம் வந்தது. 'ஒன்றாய் நிற்போம், உறுதியாய் நிற்போம்' என்று தலைப்பு. எங்கள் தலைவரே எழுதியது போல இருந்தது. கீழே பதினோரு பக்கம் இங்கிலீஷ். தலைப்பை மட்டும் படித்துச் சம்மதத்தை அழுத்தினேன். தீர்மானம் அமோகமாக ஜெயித்தது. ஜெயித்ததைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "நான் ஆதரிச்ச தீர்மானம் ஜெயிச்சிடுச்சு!" என்று எழுதினேன். அண்ணி கைதட்டும் பொம்மை அனுப்பினார். அண்ணன் ஒரு கும்பிடு அனுப்பினான்.

முப்பதாம் நாள் பணத்தை எடுக்கப் போனேன். பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. "இன்னும் நூற்றைம்பது நாள்" என்றது. அப்போதுதான் அந்தப் பதினோரு பக்கத்தையும் படித்தேன். பூட்டுக் காலம் நூற்றெண்பது நாளாக நீட்டப்படுகிறது. ஏற்கெனவே பூட்டியவர்களுக்கும் பொருந்தும். ஏழாம் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

அன்றே வீட்டில் சொல்லியிருந்தால் எங்காவது புரட்டி வலை வாங்கியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பங்காளிகள் பேசும் பொது மேடையில், எங்கள் பாடு முறையை விளக்கி, என் வலைப் பணத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று உருகி உருகி எழுதினேன். நாலு நாள் காத்திருந்தேன். "உங்கள் ஊர் முறை அற்புதம்" என்று எங்கோ இருந்து ஒருவர் பாராட்டினார். பன்னிரண்டு பேர் இதயம் போட்டார்கள். பணம் மட்டும் வரவில்லை.

எங்கள் பாடு வர மூன்று நாள் இருக்கும்போது அண்ணி கேட்டார், "தம்பி, வலை எங்க?"

சொன்னேன். அண்ணன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் பழைய வலையை எடுத்துக் கிழிசலைத் தடவிக்கொண்டிருந்தான். அந்த நிமிஷம் ஏரி என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. இனி பணம் கிடைத்தாலும் வலையைக் கோத்துக் கட்ட நாள் இல்லை. ஒரே வழி, அதே இடத்தில் பின்னால் முறை உள்ள யாராவது எங்களோடு நாளை மாற்றிக்கொள்வது. அதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் கூட்டம். காரணத்தை நானே சொல்லட்டும் என்று அண்ணன் உட்கார்ந்துவிட்டான். எழுந்தேன்.

"பணம் பூட்டிகினு கீது தலைவரே."

"யாரு பூட்டுனது?"

"நான்தான்."

"அப்ப தொறடா."

"சாவி இல்ல. அஞ்சு மாசம் கழிச்சு அதுவா தொறக்கும். ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டாங்க."

"அக்கிரமமா கீதே! நீ எதுத்துப் போட்டியா இல்லியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் தன் கைப்பேசியை நீட்டினான். தலைவர் நான் அனுப்பிய படத்தைப் பார்த்தார். கீழே நான் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார். ஊரே சிரித்தது. சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறி, தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஏகாம்பரம் அண்ணன்தான் கடைசியில் எழுந்தார். அதே இடத்தில் அவருக்குப் பதினைந்து நாள் கழித்து முறை. "சரி, செல்வத்துக்காக மாத்திக்கிறேன். ஆனா இவன் எனக்கு ஒரு வேல பண்ணணும்," என்று தலைவர் காதில் ஏதோ சொன்னார்.

"சம்மதமா?" என்றார் தலைவர். எல்லோரும் கை தூக்கினார்கள். அன்று எங்கள் வீட்டுக்காகப் பேசியவன் என்பதால் நானும் தூக்கினேன்.

"இன்னா வேலன்னு கேட்டியாடா?"

"இல்ல தலைவரே."

"அவரு வலைல ஒரு ஆளு கொறையுதாம். கழுத்தளவு தண்ணில நின்னு கழி புடிக்கணும். பழக்கம் இல்லாதவனா இருந்தாலும் பரவால்லயாம்."

எங்கள் நாளில், எங்கள் இடத்தில், ஏகாம்பரம் அண்ணன் வலையின் கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்களுக்கு வர வேண்டிய வெள்ளை இறால் என் சட்டைக்குள் புகுந்து விளையாடிவிட்டு அவர் கூடைக்குப் போயிற்று. ஒரு நண்டு என் கால் கட்டைவிரலைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அவர் கூடை கூடையாக ஏற்றுவதை அண்ணி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பதினைந்து நாளில் அண்ணியின் வளையல் அடகுக்குப் போய், புது வலை வந்து, எங்கள் முறையில் சுமாராகக் கிடைத்தது. எனக்குத் தெரிந்து அண்ணி என்னைக் கிண்டல் செய்யாத ஒரே விஷயம் அந்த வளையல். அதனால்தான் அது இன்னும் வலிக்கிறது. என் சம்பளத்தில் மீட்டுக் கொடுக்க ஒரு வருஷம் ஆயிற்று. பூட்டு என்னவோ சொன்ன நாளில் சரியாகத் திறந்தது. காசுகளின் எண்ணிக்கை நன்றாகவே பெருகியிருந்தது. விலைதான் படுத்துவிட்டது. வந்ததில் வலைக்கு ஓரக் கயிறு வாங்கலாம்.

அன்றிலிருந்து ஊரில் என் பெயர் பூட்டு. பாடுப் பட்டியல் வாசிக்கும்போது எல்லோரும் கை தூக்கியதும் தலைவர் என் பக்கம் திரும்பி, "பூட்டு, படிச்சியா?" என்பார். நான் பட்டியலை வாங்கிப் படித்து, "படிச்சேன்" என்று சொன்ன பிறகுதான் கைகள் இறங்கும். வருஷா வருஷம் இதற்கு ஒரு சிரிப்பு உண்டு.

போன வருஷமும் அப்படித்தான். எல்லோர் கையும் மேலே. நான் பட்டியலைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். எழுந்து நின்றேன்.

"எதிர்க்கிறேன் தலைவரே."

தலைவருக்கு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை.

"ரெண்டாவது சுத்துல ஏகாம்பரம் அண்ணன் பேரே இல்ல," என்றேன்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தன் பெயர் இல்லாத பட்டியலுக்கு அவரும் கையைத் தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். மெதுவாக இறக்கினார். தலைவர் பேனாவை வாங்கி அவர் பெயரை எழுதிச் சேர்த்தார்.

வீட்டுக்கு வந்து அண்ணன் இதைச் சொல்ல, அண்ணி வளையல் குலுங்கச் சிரித்தார். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி இறால் தொக்கை வைத்தார்.

"அன்னிக்கிப் பூட்டுனதுக்கு இன்னிக்கித்தான் வட்டி வந்துகீது. துன்னு தம்பி."