கொதிப்பு அண்ணாச்சி ஏன் வந்தார்?

வாயே திறக்காமல் ஒரு தெருவையே கதிகலங்க வைத்த மனிதர் தென்காசிப் பக்கம் ஒருவர்தான் உண்டு. குத்துக்கல்வலசையில், எங்கள் தெருக் கடைசி வீட்டுக் கொதிப்பு அண்ணாச்சி.

ரத்தக் கொதிப்பால் வந்த பெயரா, எந்நேரமும் கொதித்ததால் வந்ததா என்பதில் தெருவில் இரண்டு கட்சி. வளைகுடா போகிறவர்களுக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். விமானம் ரத்தானாலும் விசா தாமதமானாலும் போன் அவருக்குத்தான். எங்கள் புதுவீட்டுப் பால்காய்ப்பில், பால் பொங்குகிற நேரம் பார்த்து, "நீ வெளங்கவே மாட்ட லே" என்று போனில் யாரையோ அவர் போட்ட சத்தத்தில் ஐயர் மந்திரத்தையே நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் விசேஷங்களுக்கு அவரைக் கூப்பிட எல்லோருக்கும் தயக்கம். அவரும் எங்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவர் போன குற்றால சீசனில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்தார். கையில் போன் இல்லை. என்ன விஷயம் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். டீ குடித்தார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் எதிர்வீட்டு ரஹ்மத் அக்கா வீட்டில் போய் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்து பக்கத்து வீடு.

தெருவுக்கே தலை சுற்றியது. வீட்டை விற்கப் போகிறார் என்றாள் என் மனைவி. எலெக்‌ஷனில் நிற்கப் போகிறார் என்றார் ரஹ்மத் அக்கா. சண்டை போட வந்து காரணத்தை மறந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். அவர் தலை தெரிந்தாலே எங்களுக்குப் படபடப்பு.

தாங்காமல் அவர் மனைவியிடமே கேட்டேன். மாத்திரை மட்டும் போதாது, தினமும் கொஞ்ச நேரம் போனை வைத்துவிட்டு மனிதர்களோடு இருங்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

"அப்ப வந்து பேசலாம்லா மதினி?"

"வாயத் தொறந்தா சண்டையாயிருமோன்னு பயப்படுதாவ தம்பி. இந்தத் தெருவ விட்டா வேற யாரு இருக்கான்னு சொல்லுதாவ."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவரை பைக்கில் ஏற்றி ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். தலையில் தண்ணீர் விழுந்ததுதான் தாமதம், அண்ணாச்சி பேச ஆரம்பித்தார். கையை ஆட்டி, நெஞ்சில் தட்டி, இத்தனை நாள் அடக்கியதையெல்லாம் பேசினார். அருவி இரைச்சலில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தேன்.

தலை துவட்டும்போது, "அப்ப சரிங்கியா லே?" என்றார்.

"சரி அண்ணாச்சி."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது எங்கள் வீடுகளில் உட்கார்ந்து பேசுகிறார். குரல் ஏறினால் தானே எழுந்து வாசலில் போய் நின்றுவிட்டு வருகிறார். ரஹ்மத் அக்கா மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் போயிற்று.

அருவியில் நான் எதற்குச் சம்மதித்தேன் என்று மட்டும் இன்றுவரை புரியவில்லை. எதுவாயிருந்தால் என்ன, அண்ணாச்சி கேட்டு மாட்டேன் என்றா சொல்லப்போகிறேன்.