மஹ்ரூப் காக்காவின் கறுப்பு மூடிப் போத்தல்

சத்தியம்! கொட்டியாரக் குடாவில் கிடக்கிற தண்ணீர் முழுக்கச் சாட்சி! இதில் ஒரு சொல்லாவது பொய் என்றால், அடுத்த முறை நான் போகும்போது கிண்ணியாப் பாலம் அப்படியே இடிந்து விழட்டும். அன்றைக்கு நீங்களும் அதே பஸ்ஸில் இருந்தால் என்னைக் கோபிக்கக் கூடாது. நம்பாமல் ஏறியது உங்கள் பிழை.

பாலம் என்றதும், ஊரே அண்ணன் முறை வைத்துக் ‘காக்கா’ என்று கூப்பிடுகிற மஹ்ரூப் காக்காவின் முகம்தான் முன்னால் வருகிறது. பாலம் வருவதற்கு முன்னர் அங்கே ‘பாதை’ ஓடியது. பஸ், லொறி, மாடு, மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற தட்டையான மிதவை. வாகனம் ஏற்றி இறக்குகிற வேலை மஹ்ரூபுடையது. அவர் கை காட்டாமல் பெரிய துரையின் ஜீப்பும் அசையாது. பாலம் திறந்த அன்று ஊரே பட்டாசு கொளுத்தியது. அவர் மட்டும் வீட்டுக்கு வந்து சாய்மனைக் கதிரையில் சாய்ந்தார். சாய்ந்தவர்தான். அவர் விடுகிற பெருமூச்சில் ஈரச் சாரன் காயும். நான் கண்ணால் கண்டேன். பகல் லுஹர்த் தொழுகைக்குக் கொடியில் போட்டது பின்னேரம் அசர்த் தொழுகைக்குள் மொறுமொறுவென்று நின்றது.

குடும்பத்தை இழுத்தவள் அவர் மனைவி றுஷ்தா. சந்தையில் மீன் விற்றவரின் மகள். கூனி இறாலை வறுத்து இடித்துச் சம்பலாக்கி, போத்தலில் அடைத்து, பேஸ்புக்கில் எழுநூறு ரூபாய்க்கு விற்றாள். கீழே சனம் எழுதுகிறதெல்லாம் ஒரே அழுகை: ‘விலை கூட’, ‘குறைக்க ஏலாதா சகோதரி?’

ஒருநாள் காக்கா இதைப் படித்துவிட்டுக் கதிரையில் நிமிர்ந்தார். பாலம் வந்த பிறகு அவர் நிமிர்ந்தது அன்றுதான்.

“புள்ள, உனக்கு யாவாரம் தெரியா. மலிவா வித்தா மதிப்பில்ல. ரெண்டாயிரத்து ஐந்நூறு எண்டு போடு!”

“ஒரு போத்தலா, ஒரு பெட்டியா?”

“ஒரு போத்தல். கறுப்பு மூடி, தங்க எழுத்து. கொழும்புக்காரன் விலையப் பாத்துத்தான் ருசியே பாக்கிறவன்.”

“உள்ளுக்க என்ன?”

“அதே சம்பல்தான்.”

றுஷ்தா கண்ணைச் சுருக்கினாள். மீன் விற்ற வாப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

“சரி. ரெண்டையும் ஒரே படத்தில பக்கத்தில பக்கத்தில போடுவம். நோன்பு வாரதுக்குள்ள உங்கடதில ஒண்டு வித்தா, கடை உங்கட கையில. நான் வாய் திறக்க மாட்டன்.”

“விக்காட்டி?”

“இந்தக் கதிரையத் தூக்கி வெளிய போட்டுட்டு, குசினில குந்தியிருந்து எனக்குக் கூனி தெரிஞ்சு தரணும்.”

கூனி தெரிவது என்றால் சும்மா இல்லை. அது நகக்கண் அளவு இறால். அதற்குள் கிடக்கிற மண், சிப்பி, பாசி எல்லாவற்றையும் விரலால் பொறுக்க வேண்டும். கண் போகும், இடுப்பு போகும், மானம் எல்லாவற்றுக்கும் முதல் போகும். கதிரையோ, பாதை போன பிறகு காக்காவுக்கு மிஞ்சிய ஒரே கப்பல். ஆனாலும் ஆம்பிளை வாய். “ஓம்” என்று விட்டது.

படம் போட்ட அன்றிலிருந்து போன் ஓயாமல் அடித்தது. காக்கா ஒவ்வொரு முறையும் பாய்ந்து எடுத்தார்.

“ஓம், கறுப்பு மூடியா?”

“இல்ல, அது வேணாம். பக்கத்தில கிடக்கிற மலிவானது.”

இப்படியே போனது. கறுப்பு மூடிகள் அலுமாரியில் வரிசையாக நின்று, மையத்து விழுந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த ஆட்கள் மாதிரி அவரையே பார்த்தன. பெருமூச்சு பலத்து, அயல்வீட்டு மாமரத்தில் பிஞ்சு கொட்டியது.

ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. றுஷ்தா ஏசுவதை நிறுத்திவிட்டாள். பகல் சோறு கதிரைக்கே வந்தது. பாரைமீன் ஆணம், பொரித்த கணவாய், ஒருநாள் எருமைத் தயிரும்கூட. ‘பயந்துட்டாள்’ என்று நினைத்தார். நினைத்தும் சோறு இறங்கவில்லை.

நோன்பு நெருங்கியது. காக்கா வேலிக்கு மேலால் அயல்வீட்டு முனீபைக் கூப்பிட்டார்.

“மச்சான், ஒரு கறுப்பு மூடி வாங்குடா. காசு நான் தாறன்.”

“என்ன கதை காக்கா இது? நேத்துத்தான் மதினிட்ட மற்றதில நாலு வாங்கினன். முந்தி எழுநூறுக்கு வேணாம் எண்ட நான், இப்ப ஆயிரத்துக்கு வாங்குறன்.”

“ஆயிரமா? எப்ப கூட்டினவள்?”

“உங்கட போத்தல் வந்த அண்டைக்கே! பக்கத்தில ரெண்டாயிரத்து ஐந்நூறு எண்டு கிடக்கேக்க, ஆயிரம் சும்மா தாற மாதிரித்தானே.”

காக்காவுக்கு அதுவும் விளங்கவில்லை. துக்கம் மூளைக்குள் தண்ணீராய் நின்றது.

பிறை கண்டாயிற்று என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது. மஹ்ரூப் காக்கா எழும்பினார். கதிரையைத் தலையில் தூக்கினார். கடைசிப் பாதை கரையை விட்டுப் போகிற மாதிரி மெல்ல வாசலுக்கு நடந்தார்.

“எங்க கொண்டு போறீங்க?” என்று றுஷ்தா கத்தினாள்.

“வெளிய. தோத்துட்டன். கூனியக் கொண்டா, தெரியிறன். அந்தக் கறுப்பு மூடியளையும் ஐந்நூறுக்கு வித்துத் தொலை.”

றுஷ்தா பாய்ந்து வந்து கதிரைக் காலைப் பிடித்தாள். காக்காவின் கண் கலங்கியது. இத்தனை வருசத்துக்குப் பிறகு, இப்படி ஒரு பாசம்!

“அல்லாஹ்வே, விலையக் குறைச்சிராதீங்க! மூவாயிரம் ஆக்குங்க. நோன்புக்கு நான் என்டதை ஆயிரத்து இருநூறு ஆக்கப் போறன்.”

“அப்ப என்ட போத்தல் ஒருக்காலும் விக்காதே?”

“வித்தாத்தான் நட்டம்! இஞ்ச பாருங்க, எங்கட வாப்பா சந்தையில மீன் விக்கேக்க பக்கத்தில ஒரு ஆள இருத்தி வைப்பார். அதே மீன ரெட்டை விலை சொல்லுறதுதான் அந்தாள்ட வேலை. ஒண்டும் விக்கத் தேவல்ல. சனம் அவர்ட்ட விலை கேட்டுட்டு வாப்பாட்ட ஓடி வரும். நல்ல வேலைக்காரன். எழும்பவே மாட்டார்.”

கதிரை தலையில் இருந்தபடியே காக்கா கேட்டார்:

“அந்தாளுக்கு என்ன சம்பளம்?”

“சம்பளமா? பகல் சோறு.”

கதிரையை இறக்கி வாங்கி, பழைய மூலையிலேயே வைத்து, தூசி தட்டினாள்.

“இருங்க. நாளைக்கு நோன்பு. அதுவும் மிச்சம்.”

காக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார், மூவாயிரம் ரூபாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில். சாரன் எல்லாம் நன்றாகக் காய்கிறது. இந்தக் கதையை நீங்கள் கந்தளாய் வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விட வேண்டாம். றுஷ்தாவின் காதில் விழுந்தால், நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு போத்தலைத் தந்து எனக்கும் ஒரு கதிரை போட்டுவிடுவாள்.