கரப்பானுக்கு எடுத்த காவடி

எனக்குப் பேச வராது. யார் எது கேட்டாலும் ‘ஆங்’ என்பேன். அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைப்பேன். அப்படிச் சொன்ன ஒரு ‘ஆங்’ என்னைக் காவடியோடு திருத்தணி மலையேற வைத்தது. எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் அதைவிட அதிகம் தப்பு இருக்கிறது.

கே.ஜி.கண்டிகையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு டூவீலர் மெக்கானிக் கடை. சின்ன வயதிலிருந்தே கரப்பான் உண்டு. டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள். முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், கழுத்து. வெயிலில் சிவக்கும். பனியில் வெடிக்கும். பெட்ரோலும் கிரீசும் பட்டால் கேட்கவே வேண்டாம்.

பள்ளிப்பட்டில் பெண் பார்க்கப் போனபோது அந்த வீட்டார் என் கையைப் பார்த்தார்கள். தொத்துமா என்றார்கள். தொத்தாது என்றேன். நான் குடித்த காபி டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். (கழுவினார்களா எறிந்தார்களா, தெரியாது.) அதோடு அந்த இடம் முடிந்தது.

அடுத்து பொதட்டூர்பேட்டையில் ஒரு இடம் வந்தது. தறி ஓட்டும் வீடு. பெண் பெயர் சுகுணா. போட்டோ பார்த்தேன். அப்புறம் இரண்டு நாள் எந்த ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடம் தோலால் போகக் கூடாது என்று முடிவெடுத்தேன். டாக்டரிடம் போகவில்லை. செல்போனிடம் போனேன். இயற்கை வைத்தியம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் செய்தேன். கத்தரிக்காய் இல்லை. கருவாடு இல்லை. முட்டை, பால், வேர்க்கடலை, புளி இல்லை. சோப்புக்குப் பதில் பாசிப்பயறு மாவு. குளிக்க வேப்பிலைத் தண்ணீர். குளித்த பிறகு குப்பைமேனி அரைத்த பூச்சு. காலையில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரை. கடைக்கு வந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பச்சையாக இருந்தேன்.

சாப்பாடு குறைந்ததும் உடம்பு லேசாகிவிட்டது. மதியத்தில் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எதிரே ரோடு தண்ணீராக ஓடும். அதில் கருவாடு நீந்திப் போகும். சுகுணா கரையில் நின்று பார்ப்பாள். யாராவது ஹாரன் அடித்தால் ரோடு திரும்பவும் ரோடாகிவிடும்.

பெண் பார்க்கும் நாள் வந்தது. முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டேன். (ஆனி மாத வெயிலில்.) அக்கா வீட்டுக்காரர் கூட வந்தார். பாவா என்று கூப்பிடுவேன். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவர் பேசுவார்.

முதலில் வேர்க்கடலை போட்ட மிக்சர் வந்தது. பிறகு பால் காபி. பிறகு இலை போட்டார்கள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ஓரத்தில் அவித்த முட்டை. என் லிஸ்ட்டைப் பார்த்துச் சமைத்த மாதிரி இருந்தது. வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

சுகுணாவின் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னா மாப்ள, எதையும் தொட மாட்டேன்றீங்க. எங்க வூட்டுச் சோறு ஆவாதா?”

“வேணாங்க.”

“முட்டயாவது?”

“வேணாங்க.”

அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. பாவா என்னைப் பார்த்தார். பிறகு முட்டையைப் பார்த்தார்.

“தப்பா நெனச்சிக்காதக்கா. பையன் வெரதத்துல கீறான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கறான்.”

“அப்பிடிங்களா மாப்ள?”

“ஆங்” என்றேன்.

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். முட்டையை உடனே எடுத்துவிட்டார். “நாங்களும் வருஷா வருஷம் வர்றதுதான். உங்க காவடியப் பாத்துட்டு மல மேலயே தேதி குறிச்சிக்கலாம்.”

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பாதி வழியில் சொன்னேன். “காவடி எடுக்கறவன் சட்ட போட முடியாது பாவா.”

பாவா என் கழுத்துப் பட்டனைப் பார்த்தார். “சந்தனம் பூசிடலாம்டா. அதுக்குள்ள இன்னா கீதுன்னு எவன் பாக்கப் போறான்?”

சொல்லிவிட்டதால் நிஜமாகவே விரதம் இருந்தேன். மீன் எண்ணெய் மாத்திரையை நிறுத்தினேன். முருகன் கேட்டால் அந்த மீனுக்கு என்ன பதில் சொல்வது?

ஆடிக் கிருத்திகை அன்று சரவணப் பொய்கையில் முழுகினேன். மஞ்சள் வேட்டி கட்டினேன். பாவா சந்தனத்தையும் விபூதியையும் குழைத்துச் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல அடித்தார். தோளில் பூக்காவடி. ஊரெல்லாம் மஞ்சளாக இருந்தது. பம்பைச் சத்தம் காதில் விழவில்லை, வயிற்றுக்குள் கேட்டது. படிகள் தாமாகக் கீழே இறங்கிப் போவதுபோலவும் நான் நின்ற இடத்திலேயே மிதப்பதுபோலவும் இருந்தது. கொஞ்ச நேரம் சந்தோஷமாகவே இருந்தேன்.

பாதி மலையில் சந்தனம் காய்ந்தது. காய்ந்து வெடித்தது. வெடிப்புக்குள் வியர்வை இறங்கியது. முதலில் இடது முழங்கை. அப்புறம் கழுத்து. அப்புறம் இரண்டு முழங்காலும்.

கையைக் காவடியிலிருந்து எடுக்க முடியவில்லை. கழுத்தைக் கட்டையில் தேய்த்தேன். ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அரிப்பு ஏறியது. குதித்தேன். சுற்றினேன். உடம்பு நடுங்கியது.

“சாமி வந்துட்ச்சி” என்றார் யாரோ.

அரோகரா எழும்பியது. பம்பைக்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நான் இன்னும் சுற்றினேன். கூட்டம் விலகியது. சுகுணாவின் அம்மா ஓடி வந்து, படியிலேயே, என் காலில் விழுந்தார்.

“சாமி, எம் பொண்ணுக்கு இந்த மாப்ள சரிப்பட்டு வருவானா? வாக்கு குடு சாமி.”

என்னைப் பற்றி என்னிடமே கேட்கிறார். ‘ஆங்’ என்றால் போதும். வாழ்க்கையில் ‘ஆங்’ என்று சொல்லியே ஆக வேண்டிய ஒரே இடம் அது. ஆனால் என் நினைப்பில் அரிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“தேங்கா எண்ண” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா படியோரக் கடையிலிருந்து பாட்டிலோடு வந்தார். என் தலையில் ஆரம்பித்துக் கவிழ்த்தார். எண்ணெய் கழுத்தில் இறங்கியது. முழங்கைக்கு வந்தது. சத்தமெல்லாம் தூரமாகப் போனது. பூ வாசனை மட்டும் இருந்தது. சாமி வந்ததா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் அந்த நேரத்தில் யாரோ வந்த மாதிரிதான் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது சந்தனம் முழுக்க வழிந்து காலடியில் கிடந்தது. கரப்பான் சிவப்பாக, எண்ணெயில் மினுமினுத்துக்கொண்டு இருந்தது. அந்த அம்மா என் கையைப் பார்த்தார்.

“இன்னா இது?”

“காவடி அழுத்துன தழும்புக்கா” என்றார் பாவா.

“கரப்பான்மா” என்றாள் சுகுணா. அவள் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. “அன்னிக்கே பாத்தேன். டம்ளர் எடுக்கசொல்ல சட்டக் கை மேல போச்சி.”

“ஏண்டி சொல்லல?”

“அவரே சொல்லுவாருன்னு பாத்துகினு இருந்தேன்.”

காவடியைப் பாவாவிடம் கொடுத்தேன். அவளிடம் சொன்னேன். “தொத்தாது. முழுசாப் போகவும் போகாது. வந்து வந்து போவும்.” அதுவரை ஒரு பெண்ணிடம் நான் அவ்வளவு பேசியதில்லை.

“சரி” என்றாள்.

அந்த அம்மா படியில் உட்கார்ந்து யோசித்தார். சுற்றிலும் பொதட்டூர்பேட்டை ஜனம் நின்றது. “ஊரு பாக்க கால்ல வுழுந்துட்டேன். சாமி கேட்டுச்சி, குடுத்தேன், வாங்கிக்கிச்சி. இனிமே இவன வேணாம்னா சாமி குத்தமாயிடும்.” பெருமூச்சு விட்டார். “இன்னாத்துக்கு வுழுந்தேனோ.”

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சுகுணா என்னைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் என் லிஸ்ட்டைப் படித்துவிட்டு, முட்டையும் பாலும் உனக்கு ஒன்றும் செய்யவில்லை, பட்டினிதான் கிடந்திருக்கிறாய் என்றார். வெடித்த தோலில் கண்ட பச்சிலையும் சந்தனமும் போடாதே என்றார். காரமில்லாத சோப்பு, குளித்த ஈரம் காயும் முன் எண்ணெய், ரொம்பச் சிவந்தால் அவர் எழுதித் தந்த களிம்பு. இப்போது பரவாயில்லை. கிரீஸ் வேலைக்குக் கையுறை போடுகிறேன். கத்தரிக்காய் சாப்பிடுகிறேன்.

வெயில் காலத்தில் மட்டும் விடாது. மாமியார் வீட்டில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிய ஆரம்பித்தால் என் மகள், “ஆயா, அப்பாவுக்கு சாமி வந்துட்ச்சி” என்று கத்துவாள். மாமியார் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வருவார். எதிரே நின்று கையெடுத்துக் கும்பிடுவார். சிரிக்க மாட்டார்.

“மழ வருமா சாமி?”

“ஆங்” என்பேன்.

சில நேரம் வருகிறது.