இருபதடி வெறும் இடம்

மேலகரம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சான் அஹ்சனுக்கு மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அக்கா ஹாஜராவும் பிள்ளைகளும் சுகம். சவூதி தம்மாமில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். போனில் பேசினால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. லீவு முடிந்து அங்கே திரும்பும் ஹபீபுல்லா கையில் மங்குஸ்தானோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

போன லீவில் வந்தபோது, எண்ணெய்க் கம்பெனித் தீப் பாதுகாப்பு ஆபீசர் என்ற மிடுக்கில் நம்ம தேங்காய்நார்த் தும்பு மில்லைச் சுற்றிப் பார்த்து, மெஷின் ஷெட்டுக்கும் நார் குடோனுக்கும் நடுவே இருபதடிக்கு மஞ்சள் கோடு போட்டு, இதற்குள் ஒரு தேங்காய் மட்டைகூடக் கிடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். சைக்கிளில் மட்டை கட்டி விற்று இந்த மில்லை எழுப்பியவன் நான். சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

செவ்வாய்க்கிழமை மட்டையோடு ஒரு கல்லும் மெஷினுக்குள் போய், பொறி தட்டி, பொறி தூசியில் விழுந்து, தூசி குவியலில் பற்றி, "மொதலாளி, ஷெட்டு எரியுது!"ன்னு மேஸ்திரி சங்கிலிப்பாண்டி கத்துதான். "மணல் வாளிய எடுலே"ங்கேன். "வாளி ஐந்தருவியில கெடக்கு மொதலாளி, ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட குளிக்கப் போனோம்லா"ங்கான். சீசன் காத்து வேற தீயை குடோன் பக்கமாத் தள்ளுது. உள்ள ஆறு மாச நாரு. அது போனா நான் மறுபடியும் சைக்கிள்தான். கண்ணை மூடிட்டேன். திறந்தா, தீ உன் மஞ்சக் கோடு வரைக்கும் வந்து, கடிக்க ஒண்ணும் கிடைக்காம அங்கனயே உக்காந்துட்டு. தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தை அணைச்சுது. ஷெட்டும் மெஷினும் போச்சு, இன்சூரன்ஸ் இருக்கு. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வண்டியோட வந்த ஆபீசர், "இந்த இடத்தைக் காலியா விட யோசிச்சது யாரு அண்ணாச்சி?"ன்னார். கூச்சப்படாம "நான்தான்"ன்னேன்.

மச்சான், இனி ஒரு மட்டையும் அந்தக் கோட்டைத் தாண்டாது. இது என் வாக்கு. மட்டையில் கல் பொறுக்க ஆள் போட்டாச்சு. வாளிகளைச் சங்கிலியால் கட்டிப் பூட்டி, சாவியை இடுப்பு பெல்டிலேயே வைத்திருக்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைய லீவும் தரட்டும்.

இப்படிக்கு,
மைதீன்

பின்குறிப்பு: நான் சொல்லாவிட்டால் உன் அக்கா சொல்லிவிடுவாள். அன்று அந்த இடம் காலியாக இருந்ததற்குக் காரணம், அங்கே இறக்கச் சொல்லியிருந்த சிவகிரி மட்டை லாரி வழியில் பழுதாகி நின்றதுதான். அது இப்போதுதான் வந்து நிற்கிறது. ஷெட்டும் இல்லை, எங்கே இறக்க? ரெண்டே நாளைக்குக் கோட்டுக்குள் இறக்குங்கலே என்றேன். உன் அக்கா நடுக்கோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "மட்டைய எம்மேலயே கொட்டச் சொல்லுங்க"ங்கா. "ஆச்சி, கொஞ்சம் எந்திரிங்க" என்று கெஞ்சிப் பார்த்த டிரைவர் லாரியைச் சிவகிரிக்கே திருப்புகிறான். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. உனக்குக் கட்டி வைத்த மங்குஸ்தானை அங்கேயே உரித்துத் தின்றுகொண்டிருக்கிறாள். எண்ணிக்கை குறைந்தால் ஹபீபுல்லாவைச் சந்தேகப்படாதே.