யா நாங் தாயின் மூக்கு

இனிமேல் பட்டறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று தொங்சுக் சபதம் எடுத்தான். லோய் மலையடிவாரத்தில் டீசல் பிக்கப் வைத்திருக்கும் எந்த ஆணுக்கும் இந்தச் சபதம் ஒருநாள் வரும். பெண்டாட்டிகள் அதற்குள் புத்தரை வேண்டிக்கொள்வது நல்லது.

மேட்டில் வண்டி லேசாகத் திணறியதுதான் காரணம். இரண்டு வீடியோ பார்த்தான். மூன்றாவது முடிவதற்குள் மெக்கானிக் ஆகிவிட்டான். எஞ்சினுக்குள் டர்போ அமுக்கி அனுப்பும் காற்றின் அழுத்தத்தை அளந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது ஒரு சென்சார். கட்டைவிரல் பருமன்தான். கழற்றினான். ஒரே கரி. மனைவி புவாலாயின் பல் பிரஷ்ஷால் தேய்த்தான். வீட்டில் இரண்டு பச்சை பிரஷ். சிவப்பு நூல் கட்டியது அவளுடையது. தன் பிரஷ்ஷை எவனாவது கெடுப்பானா? அப்போதும் துளைக்குள் கரி மிச்சம் இருந்தது. அவளுடைய தையல் ஊசியை விட்டு நன்றாகக் குடைந்தான். உள்ளே என்னவோ 'பொத்' என்றது.

அன்றிலிருந்து சென்சார் வாய்க்கு வந்ததைச் சொன்னது. மிரண்டுபோன கம்ப்யூட்டர், எஞ்சின் கெடக் கூடாதென்று வேகத்தைப் பிடித்து நிறுத்திவிட்டது. மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினான். பிரஷ்ஷைக் கழுவி, இருந்த இடத்தில் வைத்தான்.

"என்னங்க, வண்டி ஏன் இப்படி நடக்குது?"

"என்னையா கேக்கறே? தெனமும் நாலு ஜாடி நொதிச்ச மீனை ஏத்திட்டு சந்தைக்குப் போறியே, அந்த நாத்தத்தை யார் தாங்குவா? யா நாங் தாய் கோவிச்சுக்கிட்டா!"

யா நாங் தாய் வண்டியில் குடியிருக்கும் பெண்தெய்வம். அவள் முகம் கோணினால் சக்கரம் உருளாது. புவாலாய் மறுநாளிலிருந்து ஜாடிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எட்டு கிலோமீட்டர் மிதித்தாள். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பியதும் வண்டிக் கண்ணாடியில் புது மல்லிகை மாலை கட்டி, சிவப்பு சோடா படைத்து, தாயிடம் மன்னிப்புக் கேட்டாள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த தொங்சுக்குக்கு நாண்டுகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு வாயும் கசந்தது. காலையில் காப்பிகூட டீசலாக இறங்கியது.

இரண்டு வாரம் கழித்து, மலைக்கோயில் பிக்குகளுக்குத் துவராடை கொண்டுபோகும் நாள் வந்தது. ஊர்வலத்தில் என் வண்டிதான் முதலில் போகும் என்று என்றைக்கோ மார்தட்டியிருந்தான். முன்சீட்டில் புவாலாயும் மாமியாரும். பின்னால் பன்னிரண்டு உறவினர், இரண்டு மத்தளம். பாதி மேட்டில் வண்டி கரும்புகை கக்கி நின்றேவிட்டது. பன்றி ஏற்றிய ஒரு மூன்று சக்கர வண்டி அவர்களைத் தாண்டிப் போனது.

"மாப்ளே, பன்னிக்கு முன்னாடி நாம போயிருவோமா?" என்றாள் மாமியார்.

எல்லாரும் இறங்கினார்கள். புவாலாய் வண்டி முன்னால் கைகூப்பி நின்றாள்.

"நேத்து ராத்திரி யா நாங் தாய் கனவுல வந்தாங்க. மீன் வாடையெல்லாம் எனக்குப் பழக்கம்டீன்னு சொன்னாங்க. ஆனா எவனோ ஊசியால என் மூக்கைக் குத்திட்டான், அவன் பத்துப் பேர் முன்னால ஒத்துக்கற வரைக்கும் நான் மூச்சு விடமாட்டேன்னாங்க."

தொங்சுக் வண்டி முன்னால் மண்டியிட்டான். சென்சார், ஊசி, டேப், ஜாடி மேல் போட்ட பழி எல்லாவற்றையும் அழுகையும் விக்கலுமாகக் கொட்டினான். மத்தளக்காரன்கூட வாய் பிளந்து கேட்டான்.

புவாலாய் பையிலிருந்து ஒரு புதுச் சென்சாரை எடுத்தாள். ஒரு திருகாணி, ஒரு சொருகல். வேலை முடிந்தது.

"இது... இது எப்போ வாங்கினே?"

"போன புதன்கெழமை. நீங்க மத்தியானம் தூங்கினப்போ பட்டறைக்கு ஓட்டிட்டுப் போனேன். மெக்கானிக் கழட்டிப் பாத்ததுமே, எவனோ ஊசி போட்டிருக்கான்னுட்டார். தாய் உத்தரவு வரட்டும்னு காத்திருந்தேன்."

வண்டி மலையில் குதித்தேறியது. பன்றி வண்டி பின்தங்கியது. தொங்சுக் தலைகுனிந்தபடியே ஓட்டினான்.

"உனக்கு முதல்ல எப்படித்தான் சந்தேகம் வந்துச்சு?"

"என் பிரஷ்ல டீசல் வாடை."

"ஐயோ, மன்னிச்சுடு புவாலாய்! ரெண்டு வாரமா அதுலயா பல் தேச்சே?"

"நானா? அன்னிக்கே சிவப்பு நூலை அவுத்து மத்ததுல கட்டிட்டேனே. தேச்சது நீங்க."