கிணற்றடியில் ஒரு மச்சான் வேண்டும்

தூத்துக்குடி,
11 பிப்ரவரி 1947

கனம் பொருந்திய முதியோர் இல்லச் செயலாளர் கிருபாநிதி அவர்கள் சமூகத்துக்கு, ஏழாம் கட்டில் இனிகோ பர்னாந்து எழுதுவது. மாதாவின் தயவால் நான் சுகம்; தங்கள் வீட்டிலும் அவ்வாறே இருக்கட்டும்.

குறைநிறைகளைத் தயங்காமல் எழுதச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தீர்கள். நிறை: குழம்பில் மீன் இருக்கிறது. குறை: பர்னபாஸ்.

எங்களைக் குளிப்பாட்ட நீங்கள் வைத்திருக்கும் இந்த ஆள், கிணற்றடி வழுக்குதாம், என் கையைப் பிடிப்பானாம். ஐயா, ஒன்பது பாகம் ஆழத்தில் மூச்சடக்கிச் சிப்பி அள்ளியவன் நான். சுறா வந்தபோதும் கூடையை விடாமல் மேலே வந்தவன். எனக்கு நாலு வாளித் தண்ணீரில் ஆபத்தா? சரி, பிடிக்கட்டும். ஆனால் யார் பிடிப்பது? முத்துக் குளிக்கிறவன் தன்னை மேலே இழுக்கும் கயிற்றைக் கண்டவனிடம் கொடுக்க மாட்டான், மச்சானிடம்தான் கொடுப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுப்பாளே என்ற பயத்தில் மச்சான் கயிற்றை விடமாட்டான். என் மச்சான் கஸ்பாரும் போனான், அவன் அக்காளும் போனாள், எனக்கென்று இப்போது யாருமில்லை. அதற்காக எவனிடமோ உயிரைக் கொடுக்க முடியுமா?

"ஏலே, நான் செத்தா ஒனக்கு என்னலே நட்டம்?" என்று பக்குவமாகத்தான் கேட்டேன். "ஒரு நட்டமுமில்ல பாட்டையா, ஒரு கட்டில் காலியாவும்" என்று சிரிக்கான்! கையை உதறினேன். உதறிய வேகத்தில் அவன் கிணற்றுக்குள்ளே போய்விட்டான். வாளிக்கயிற்றைப் போட்டு, ஆள் வந்து சேரும்வரை தனியாளாக இழுத்துப் பிடித்திருந்தது யார்? எழுபத்தொரு வயசு இனிகோ. உள்ளங்கை உரிந்துவிட்டது. விடவில்லையே!

ஆகவே பர்னபாஸை உடனே நீக்கிவிட்டு, எனக்குத் தகுந்த மச்சான் ஒருவரை நியமிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இனிகோ பர்னாந்து

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப் போடவும். நேற்று இதை மடிக்கும்போது சமையற்காரி பிலோமி வந்தாள். பர்னபாஸின் அக்காள், புருஷனை இழந்தவள், ஐம்பத்தெட்டு வயசு. "ஏன் ஓய், எந்தம்பி கயித்த விடாமப் பிடிச்சீராமே, நீரு அவனுக்கு மச்சானா?" என்றாள். "நீ சரின்னா ஆயிருவேன்" என்றேன். கரண்டியை ஓங்கியவள் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். தம்பதிகளுக்கு உங்கள் இல்லத்தில் இடமில்லையாமே. ஏழாம் கட்டிலை வேறு யாருக்காவது கொடுங்கள். பர்னபாஸ் வேலையில் கை வைக்காதீர்கள். இன்று காலை நானாகவே கையை நீட்டினேன். பயல் கிணற்றை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.